மதிலைத் தாண்டிய பூங்கொடி



சின்னஞ்சிறு வெள்ளைப் பையொன்றின் வாயிலிருந்து செக்கச் சிவந்த பூ எட்டிப் பார்ப்பது போன்ற கொடியொன்றை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். நம் நாட்டின் மழை நிறைந்த ஊர்களில் மதிலோரங்களிலும் வாசல் பந்தல்களிலும் அது படர்ந்திருக்கும். பெயரைக் கேட்டால் பலருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் 'பிளீடிங் ஹார்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். இரத்தம் கசியும் இதயம் என்பது அதன் பொருள்.

என் மனைவி தன் சாச்சி வீட்டிலிருந்து ஒரு கிளைத்துண்டைக் கொண்டுவந்து எங்கள் மதிலோரத்தில் நட்டார். மூன்றாம் வருடம் கொடி மதிலை முழுதாக மூடிவிட்டது. வருவோர் போவோரெல்லாம் நின்று பார்த்து 'மாஷா அல்லாஹ்' என்றார்கள். நாங்களும் மகிழ்ந்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் அது என்ன செய்கிறது என்று மட்டும் நாங்கள் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் கணவரை இழந்த ஒரு வயோதிபத் தாய், மகளுடனும் பேரப்பிள்ளைகளுடனும் வாழ்கிறார். எங்கள் கொடி அவர்களது கூரையில் ஏறி, உதிர்ந்த இலையாலும் பூவாலும் கூரைப் பீலியை அடைத்துவிட்டது. ஒரு நாள் டெங்கு பரிசோதனைக்காக வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அந்தப் பீலியில் தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பிகளைக் கண்டு அத்தாயைக் கடுமையாக எச்சரித்துவிட்டுப் போனார். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, தன் வளவில் நுளம்பு பெருக இடமளிக்காதிருப்பது அங்கு குடியிருப்பவரின் பொறுப்பு. ஆகவே எங்கள் வீட்டு இலைக்கு அவர் ஏச்சு வாங்கினார்.

செய்தி காதில் விழுந்ததும் என் மனைவி ஓடிப்போய், "ஏன் உம்மா, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார். அதற்கு அவர், "மௌலவிட வீட்டுக் கொடி புள்ள. அத வெட்டச் சொல்லி எப்பிடிக் கேக்குற?" என்றாராம்.

இதைக் கேட்டபோது நான் தலைகுனிந்தேன். ஏனெனில் அரபுக் கல்லூரியில் இதே பாடத்தைத்தான் நான் வருடாவருடம் நடத்தி வருகிறேன்.

கிளையும் அடுத்தவர் காணியும்

ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் 'ஸுல்ஹ்' எனும் சமரச உடன்பாட்டுப் பாடத்தில் இது பேசப்படுகிறது. ஒருவருடைய மரக்கிளை அடுத்தவர் காணியின் மேலுள்ள வெளிக்குள் நீண்டுவிட்டால், அதை அகற்றுமாறு கேட்கும் உரிமை காணிக்காரருக்கு உண்டு. மரத்துக்குரியவர் மறுத்தால் இவர் கிளையைத் திருப்பிவிடலாம். திருப்ப முடியாதபோது வெட்டியும் விடலாம். தரையைப் போலவே அதன் மேலுள்ள வெளியும் உரியவருக்கே சொந்தம் என்பதே இதன் அடிப்படை.

ஸமுரா இப்னு ஜுன்துப் (ரழி) அவர்களின் பேரீச்ச மரம் பற்றிய சம்பவம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்குள் அம்மரம் நின்றது. அதற்காக அவர் உள்ளே வந்து போவது அக்குடும்பத்தாருக்குத் தொல்லையாயிற்று. விற்றுவிடும்படியும், வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளும்படியும், அன்பளிப்பாகக் கொடுத்துவிடும்படியும் நபி (ஸல்) அவர்கள் கேட்டும் அவர் இணங்கவில்லை. ஈற்றில் அம்மரத்தைப் பிடுங்கிவிடுமாறு நபியவர்கள் தோட்டக்காரரிடம் கூறினார்கள். இதன் அறிவிப்பாளர் தொடரில் அறிஞர்களுக்கிடையே பேச்சு உண்டு. எனினும், தன் உடைமை என்பதற்காகப் பிறருக்குத் தீங்கிழைக்க முடியாது என்ற விதியில் பேச்சில்லை.

சட்டம் அத்தாய்க்கு உரிமையைக் கொடுத்திருந்தது. என் மீதிருந்த மரியாதை அவருடைய வாயைக் கட்டிப்போட்டிருந்தது. வாய்விட்டுக் கேட்கத் துணிபவருக்குத்தான் உரிமை என்றால், கூச்சப்படுபவரின் உரிமையைக் காப்பது யார்? கொடியை நட்டவர்தான் காக்க வேண்டும். எனவே அதை எப்படி அளவோடு வைத்திருப்பது என்பதைக் கேட்டறிந்தோம். உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கொடியின் இயல்பு

இதன் தாயகம் மேற்கு ஆபிரிக்கா. 19ஆம் நூற்றாண்டில் நைஜீரியாவில் பணியாற்றிய தொம்சன் என்ற கிறிஸ்தவப் போதகரின் மறைந்த மனைவியின் நினைவாக, இதற்குக் 'கிளெரோடென்ட்ரம் தொம்சோனியே' என்ற தாவரவியற் பெயர் சூட்டப்பட்டது. பற்றிக்கொள்ள ஏதும் கிடைத்தால் 12, 13 அடி வரை சுற்றி ஏறும். சிவப்புப் பூ சீக்கிரம் உதிர்ந்துவிடும். வெள்ளைப் பை நிறம் மாறிப் பல நாள் தங்கும். சீனா, கொரியா போன்ற குளிர் நாடுகளில் இதே ஆங்கிலப் பெயரில் வேறொரு செடி உண்டு. அதற்கான குறிப்புகளை இதற்குப் பொருத்திவிடாதீர்கள்.

நாம் முதலில் அறிய வேண்டியது, இக்கொடி புதிதாக வரும் தளிர்களின் நுனியில்தான் பூக்கிறது என்பதை. 'வெட்டினால் பூ போய்விடும்' என்று அஞ்சித்தான் நம் பெண்கள் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. உண்மை அதற்கு நேர்மாறானது. அளவோடு வெட்டினால் புதுத் தளிர் வரும். தளிர் வந்தால் பூவும் வரும். வெட்டாமல் விட்ட கொடியில் அடிப்பகுதி வெறும் தடியாகி, பூவெல்லாம் எட்டாத உயரத்துக்கு, அதாவது பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய்விடும்.

எப்போது, எப்படி வெட்டுவது?

ஒரு தடவை பூத்து ஓய்ந்தவுடன் வெட்டுவதே சிறந்தது. அடைமழை நாட்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். கத்தியோ கத்தரிக்கோலோ கூராகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும்.

முதலில் காய்ந்த, நலிந்த, ஒன்றோடொன்று பின்னிய தண்டுகளை அடியோடு எடுத்துவிடுங்கள். பிறகு மற்றத் தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையுங்கள். இக்கொடியில் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் இரு பக்கமும் தளிர் வரும். ஒரு தண்டு இரண்டாகும், பூங்கொத்தும் பெருகும்.

பல வருடம் கவனிக்காமல் காடாகிப்போன கொடியாயின், தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி விட்டு மொத்தமாகவே வெட்டலாம். சில வாரம் மொட்டையாக நிற்கும், பயப்பட வேண்டாம். மலைநாட்டில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குச்சியாக நின்ற செடிதான் பிறகு கொழுந்தால் நிறைகிறது.

இளங்கொடியாக இருக்கும்போதே நுனித் தளிரை விரலால் கிள்ளிவிட்டால், ஓங்கி வளராமல் பக்கவாட்டில் கிளைக்கும். சில நிமிட வேலைதான். பெரிய வெட்டுக்கு அவசியமே வராது.

உணவும் இடமும்

நைதரசன் மிகுந்த பசளையை அள்ளிப் போட்டால் இலைதான் கொழிக்கும். கூட்டெருவை அளவாக இடுங்கள். நிழல் அதிகமானால் தண்டு வெளிச்சத்தைத் தேடி நீண்டு மெலியும். காலை வெயிலும் பிற்பகலில் சற்று நிழலும் கிடைக்கும் இடம் நல்லது. மண் ஈரமாக இருக்கட்டும்; நீர் தேங்கக் கூடாது.

மதிலில் ஏற்றாதீர்கள். வளவுக்குள் நான்கைந்து அடி உயரத்தில் கம்பு நட்டு அல்லது கம்பிச் சட்டம் வைத்து அதில் சுற்றிவிடுங்கள். இடம் குறைந்தவர்கள் பூச்சாடியில் வளர்க்கலாம். வேர் அடங்கினால் கொடியும் அடங்கும். சாடிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் நீர் தேங்கவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு நம் நாட்டில் 1,86,000க்கும் அதிகமானோரை டெங்கு பீடித்தது. அதைப் பரப்பும் நுளம்புக்கு ஒரு தட்டுத் தண்ணீர் போதும்.

தாய்க்கொடியைச் சுற்றி வேரிலிருந்தும் புதுக்கன்றுகள் முளைக்கும். வேண்டாதவற்றை உடனுக்குடன் பிடுங்குங்கள். வெட்டிய தண்டுகளை வடிகானில் போடாதீர்கள். அவற்றில் நான்கைந்து அங்குலத் துண்டுகளை ஈர மண்ணில் ஊன்றி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். விரும்பிக் கேட்பவருக்குக் கொடுக்கலாம்.

பச்சைக் கொடியை வெட்டுவது பாவமா?

என் மனைவிக்கும் இந்தத் தயக்கம் இருந்தது. இலந்தை மரத்தை வெட்டுபவரைக் கண்டிக்கும் ஒரு ஹதீஸ் உண்டு. பாலைவெளியில் வழிப்போக்கரும் கால்நடையும் நிழல் பெறும் மரத்தை அநியாயமாக, வீணே வெட்டுவதையே அது குறிக்கும் என்று இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களே விளக்கியுள்ளார்கள். செடியின் நன்மைக்காகவும் பிறரின் தொல்லையை நீக்குவதற்காகவும் வெட்டுவது அதில் சேராது.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் நட்டவருக்கு அது தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழியை நாம் மகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்கிறோம். நாம் நட்டதால் பிறர் வருந்தினால் அதுவும் நம் கணக்கில்தானே சேரும்? அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய விதத்தில், அவர்களுக்கு வாரிசுரிமையும் தரப்பட்டுவிடுமோ என்று நபியவர்கள் எண்ணினார்களே! அவர்களின் கூரைக்கு நாம் கொடுத்தது அடைபட்ட பீலியா?

அன்றே நான் போய் அத்தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். மகன்மார் ஏணி வைத்து ஏறிப் பீலியைத் துப்புரவு செய்தார்கள். மதில் கொடியை ஒன்றரை அடிக்கு வெட்டினோம். அல்ஹம்துலில்லாஹ், இப்போது அது வாசலருகே கம்பிச் சட்டத்தில் முன்னைவிட நெருக்கமாகப் பூக்கிறது.

சகோதரிகளே! உங்கள் வளவில் இக்கொடி இல்லாமலிருக்கலாம். மாவோ பலாவோ முருங்கையோ மல்லிகையோ நிச்சயம் இருக்கும். இந்த வாரம் ஒரு தடவை பக்கத்து வீட்டுக்குப் போய், அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் மதிலைப் பாருங்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.