பொன்னிற அரிசி: விஞ்ஞானமும் அமானிதமும்

பகலெல்லாம் ஓடியாடித் திரியும் பிள்ளை, மஃரிப் ஆனதும் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறது. பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குவளை அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதுதான் மாலைக்கண். விற்றமின் ஏ குறைவதால் வருவது. கவனியாது விட்டால் பார்வை அடியோடு பறிபோகும். நோயை எதிர்க்கும் சக்தியும் குன்றுவதால் சின்னமுத்தும் வயிற்றோட்டமும் கூட உயிருக்கு ஆபத்தாகிவிடும். வறிய நாடுகளில் ஆண்டுதோறும் இரண்டரை இலட்சம் முதல் 5 இலட்சம் வரையான பிள்ளைகள் இக்குறைபாட்டினால் பார்வை இழப்பதாகவும், அவர்களுள் அரைவாசிப் பேர் ஒரு வருடத்துக்குள் மரணிப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணித்திருந்தது.

சோறே பிரதான உணவாக உள்ள ஏழை வீடுகளில் இக்குறை அதிகம். வெள்ளை அரிசியில் விற்றமின் ஏ இல்லை. அப்படியாயின் அந்தச் சத்தை அரிசிக்குள்ளேயே உண்டாக்க முடியாதா?

சுவிற்சர்லாந்தின் பேராசிரியர் இங்கோ பொட்ரிகஸும் ஜேர்மனியின் பேராசிரியர் பீற்றர் பேயரும் இவ்வாறுதான் சிந்தித்தார்கள். ஒரு மஞ்சள் மலர்ச் செடியிலிருந்தும், மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவிலிருந்தும் மரபணுக்களை எடுத்து நெல்லுக்குள் செலுத்தினார்கள். கரட்டுக்கும் பூசணிக்கும் நிறம் கொடுக்கும் பீற்றா கரோட்டின் அரிசி மணியிலும் உண்டானது. அரிசி பொன்னிறமாக மாறியது. அதை உண்டால் நமது உடல் அதனை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். 2000ஆம் ஆண்டில் இக்கண்டுபிடிப்பு உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

பெண்களுக்கான வகுப்பு முடிந்து எழும்பும் வேளையில் ஒரு சகோதரி கேட்டார்: "மௌலவி, அல்லாஹ்வின் படைப்பில் கை வைத்த சாப்பாடு ஹராம்தானே? பன்றியின் மரபணுவையும் சேர்ப்பார்களாமே?"

நியாயமான கேள்விதான். மதீனத்து மக்கள் பேரீச்சை மரங்களுக்குத் தம் கையாலேயே மகரந்தம் சேர்த்து வந்தார்கள். இத்தகைய உலகக் காரியத்தை நபி (ஸல்) அவர்கள் அம்மக்களின் அனுபவத்துக்கே விட்டுவிட்டார்கள் என்ற சம்பவத்தை நாம் அறிவோம். எனவே பயிரைச் சீர்படுத்துவது என்பதே தவறாகிவிடாது. இந்தோனேசிய உலமா சபை 2013இல் வழங்கிய பத்வாவிலும் மரபணு மாற்றம் நிபந்தனைகளோடுதான் அனுமதிக்கப்பட்டது. அது பயன் தர வேண்டும். மனிதருக்கோ சுற்றாடலுக்கோ தீங்கு செய்யக் கூடாது. பன்றியின் அல்லது மனிதனின் மரபணு அதில் சேரக் கூடாது. பொன்னிற அரிசியில் எந்தப் பிராணியின் மரபணுவும் இல்லை. 2005இல் வந்த திருத்திய வகையில் மலருக்குப் பதிலாகச் சோளத்தின் மரபணுவே சேர்க்கப்பட்டது. அதனால் சத்தும் ஏறத்தாழ 23 மடங்கு உயர்ந்தது.

தீங்கு உண்டா?

மரபணு மாற்றிய உணவெல்லாம் நஞ்சு என்பதும் சரியல்ல; எல்லாம் நல்லது என்பதும் சரியல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். சோயா அவரையில் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றைச் சேர்த்தபோது, அக்கொட்டை ஒவ்வாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒவ்வாது என்பது சோதனையில் தெரியவந்தது. 1996இல் அம்முடிவு வெளியானது. அந்தச் சோயா சந்தைக்கு வரவேயில்லை. சோதனையின் பயன் இதுதான்.

பொன்னிற அரிசியும் சோதிக்கப்பட்டது. 2017, 2018 ஆண்டுகளில் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் உணவுத்துறையினர் அதனை உண்பதால் ஆபத்தில்லை என்று முடிவு செய்தனர்.

ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. 2013 ஓகஸ்ட் மாதத்தில் பிலிப்பைன்ஸின் பிக்கோல் பிரதேசத்தில் இவ்வரிசியின் பரீட்சார்த்த வயலுக்குள் புகுந்தவர்கள் பயிரைப் பிடுங்கி எறிந்தார்கள். 2016இல் நோபல் பரிசு பெற்ற நூற்றுக்கும் மேற்பட்டோர், எதிர்ப்பைக் கைவிடுமாறு கிறீன்பீஸ் இயக்கத்தைக் கேட்டு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2021 ஜூலையில் பிலிப்பைன்ஸ் அரசு இதைப் பயிரிட அனுமதித்தது. உலகில் முதலாவதாக அனுமதித்த நாடு அதுவே. ஆனால் 2024 ஏப்ரலில் அந்நாட்டின் மேன்முறையீட்டு நீதிமன்றம், பாதுகாப்புப் பற்றிப் போதிய உறுதியில்லை என்று கூறி அனுமதியை நிறுத்தியது.

அமானிதம் தவறிய இடம்

இத்தனை சோதனைக்குப் பிறகும் மக்கள் ஏன் அஞ்சினார்கள்? விதை பெருங் கம்பனிகளின் கைக்குள் போய்விடும், நாட்டு நெல் வகைகள் அழிந்துவிடும் என்ற கவலை விவசாயிகளுக்கு இருந்தது. வருட வருமானம் 10,000 டொலருக்குக் குறைந்த விவசாயிகளுக்கு விதையைக் கட்டணமின்றித் தருவதாகவும், அவர்கள் அடுத்த போகத்துக்கு விதை நெல் எடுத்து வைக்கலாம் என்றும் வாக்களிக்கப்பட்டது. அப்படியும் கவலை தீரவில்லை.

இதைவிடப் பாரதூரமான ஒன்றும் நடந்தது. 2008இல் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இவ்வரிசிச் சோறு கொடுத்துச் சோதித்தார்கள். அது மரபணு மாற்றிய அரிசி என்பது பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. 2012இல் விடயம் அம்பலமானது. சம்பந்தப்பட்ட மூன்று அதிகாரிகள் பதவி நீக்கப்பட்டார்கள். அந்த ஆய்வுக் கட்டுரையும் 2015இல் மீளப் பெறப்பட்டது.

சகோதரிகளே, சிந்தித்துப் பாருங்கள். அப்பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகச் செய்தி இல்லை. அரிசி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் என் பிள்ளையின் வாயில் வைப்பது என்னவென்று எனக்குச் சொல்லாமல் வைத்தால், அதன் பின் அவர் சொல்லும் உண்மையையும் நான் எப்படி நம்புவேன்? அறிவும் ஓர் அமானிதம். மறைத்தவர்கள் ஒரு சிலரே. நம்பிக்கையை இழந்ததோ முழு முயற்சியும். அதன் நஷ்டம் கண் மங்கும் ஏழைப் பிள்ளைகளைத்தான் சேர்கிறது. எதிர்ப்பவர்களுக்கும் இதே பொறுப்பு உண்டு. ஆதாரமின்றி நஞ்சு என்று பரப்பி, நல்லதொன்று ஏழையிடம் போய்ச் சேராமல் தடுத்தால் அவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

எமது நாட்டில் மரபணு மாற்றிய உணவை அனுமதியின்றி இறக்குமதி செய்வதையும், அடையாளமிடாது விற்பதையும் 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் தடுக்கின்றன. ஆகவே பொதியின் மீது எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். கேள்விப்பட்டதையெல்லாம் ஹராம் என்று அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள், அறிந்தவர்களிடம் கேளுங்கள்.

பொன்னிற அரிசி வரும்வரை நம் பிள்ளைகளின் கண்கள் காத்திருக்கத் தேவையில்லை. முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை, பூசணி, பழுத்த பப்பாசி என்பன நம் வளவிலும் சந்தையிலும் இருக்கின்றன. தேங்காய்ப் பாலோ சிறிது எண்ணெயோ சேர்த்துச் சமைத்தால் அச்சத்து உடலில் நன்கு சேரும். கிளினிக்கில் கொடுக்கும் விற்றமின் ஏயையும் தவறவிடாதீர்கள். பொழுது பட்ட பின் பிள்ளை தடுமாறி நடந்தால் கண்ணூறு என்று இருந்துவிடாது உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிள்ளையின் பார்வையும் நம்மிடம் தரப்பட்ட அமானிதமே. அதைப் பேணிக் காக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.