ஐம்பதாவது பறவை

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தில்லிக் குளிரில், ரஜாயை உதறிவிட்டு நம்மவர்கள் எழுந்து வரவேண்டுமென்றால் ஒன்று கும்பாபிஷேகம் இருக்க வேண்டும், அல்லது கல்யாணச் சாப்பாடு இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். 2025 பிப்ரவரி 16 அன்று அந்த எண்ணம் பொய்த்துப் போயிற்று. ஓக்லா பறவைகள் சரணாலயத்தின் வாசலில் காலை ஏழு மணிக்கு நம் சங்கத்தைச் சேர்ந்த இருபத்தாறு பேர் நின்றிருந்தோம். குரங்குக் குல்லாய், மஃப்ளர், ஃப்ளாஸ்க்கில் காப்பி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று சகல ஏற்பாடுகளுடனும் வந்திருந்தார்கள். எல்லாம் பறவைகளை எண்ணுவதற்காக!

பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடக்கும் இந்தக் கணக்கெடுப்பை 1998-இல் அமெரிக்காவில் ஆரம்பித்தார்கள். 2013 முதல் உலகம் முழுவதும் நடக்கிறது. இந்தியாவும் அந்த ஆண்டிலிருந்து கலந்துகொள்கிறது. படிப்போ பட்டமோ வேண்டாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, என்னென்ன பறவை, எத்தனை எத்தனை என்று எழுதி, செல்போன் மூலம் அனுப்பிவிட வேண்டியதுதான். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களிலும் இப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. ஊரில் உள்ளவர்கள் செய்யும்போது நாம் மட்டும் சும்மா இருப்பதா?

கணக்கெடுப்போடு நிதி திரட்டலும் சேர்ந்துகொண்டது. தில்லியில் பட்டம் விடும் காலம் வந்தால் மாஞ்சாக் கயிற்றில் சிக்கி இறக்கை அறுந்து விழும் பருந்துகளுக்கும் புறாக்களுக்கும் கணக்கில்லை. சீன மாஞ்சா என்று சொல்லப்படும் நைலான் கயிற்றை 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது. ஆனாலும் ஆகஸ்ட் 15 வந்தால் எங்கள் மொட்டை மாடியில் அறுந்து விழுவது அந்தக் கயிறுதான். காயம்பட்ட பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் இடத்துக்குப் பணம் கொடுப்பதென்று செயற்குழுவில் முடிவாயிற்று. பார்க்கும் ஒவ்வொரு பறவை இனத்துக்கும் பத்து ரூபாய் தருவதாக 32 குடும்பங்கள் பெயர் கொடுத்தன. நொய்டாவில் தொழில் நடத்தும் நம் அன்பர் ஒருவர் ஒரு படி மேலே போய், "ஐம்பது இனம் பார்த்துவிட்டால் நான் தனியாகப் பத்தாயிரம் தருகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

யமுனை நதி தில்லியை விட்டு உத்தரப் பிரதேசத்துக்குள் நுழைகிற இடத்தில், ஓக்லா அணையால் தேங்கிய நீரை ஒட்டி, சுமார் 4 சதுர கிலோமீட்டரில் இருக்கிறது இந்தச் சரணாலயம். 1990-இல் அறிவிக்கப்பட்டது. 2017 டிசம்பரிலிருந்து இதன் பெயரிலேயே மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கிறது. நதியின் நுரையையும் நாற்றத்தையும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த நாற்றத்தின் நடுவிலும் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வாத்துகள் வந்து இறங்குகின்றன. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நாமக்கோழி எல்லாம் கூட்டம் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். எந்தப் பறவையைக் காட்டினாலும் ஆங்கிலப் பெயரையும் ஹிந்திப் பெயரையும் கணத்தில் சொல்லிவிடுவாள். தமிழ்ப் பெயர் மட்டும் தெரியாது. "இது ஹுத்ஹுத்" என்று அவள் ஒரு கொண்டைக்காரரைக் காட்டியபோது, அதுவரை மூட்டுவலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த தஞ்சாவூர் மாமி, "அடியே, இது கொண்டலாத்தி! எங்காத்துக் கொல்லையிலே வருமே" என்று கூவினார். அதன் பிறகு மாமிக்கு மூட்டுவலி ஞாபகமே வரவில்லை. ஆட்காட்டி, மீன்கொத்தி, இரட்டைவால் குருவி என்று மாமி சொல்லச் சொல்ல, அந்தப் பெண் ஹிந்தி எழுத்தில் எழுதிக்கொண்டாள். நம்மில் பழையவர்கள் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் மா. கிருஷ்ணனின் இயற்கைப் பத்தியைப் படித்திருப்பீர்கள். 1950 முதல் 1996-இல் மறையும் வரை எழுதினார். தமிழிலும் எழுதியவர். அவர் இருந்திருந்தால் மாமியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒன்பதரை மணிக்கு நேரம் முடிந்தது. நாணல் ஓரமாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். நாற்பத்தொன்பது!

பட்டியலை மறுபடி மறுபடி படித்தோம். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. சிட்டுக்குருவி இல்லை! 2012-இல் தில்லியின் மாநிலப் பறவையாகவே அறிவிக்கப்பட்ட சிட்டுக்குருவி! எழுபதுகளில் நான் கரோல் பாக் அறையில் குடியிருந்தபோது வென்டிலேட்டரில் ஒரு குடும்பம், மீட்டர் பெட்டிக்குள் ஒரு குடும்பம் என்று வாடகை தராமல் என்னோடு வாழ்ந்தவை அவை. "சிட்டுக்குருவி இல்லாத ஊர் உண்டா? நாம் கவனித்திருக்க மாட்டோம். எழுதிக்கொள்ளம்மா, ஐம்பது" என்று சொல்லிவிட்டேன். இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டவும் செய்தார்கள். நல்ல காரியத்துக்குத்தானே, பத்தாயிரம் ரூபாய் அல்லவா?

"ஆனா தாத்தா, நாம பார்க்கலையே" என்றாள் பக்கத்து ஃப்ளாட்டுப் பெண் குழந்தை. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் கணக்குப் பார்த்தவன் நான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கல்லூரிப் பெண்தான் விளக்கினாள். பட்டியலை அனுப்பும்போது, "அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்பார்களாம். "ஆம்" என்றால், எழுதியது மட்டுமல்ல, எழுதாமல் விட்டதும் செய்திதான். அங்கே அந்த நேரத்தில் அந்தப் பறவை கண்ணில் படவில்லை என்று அர்த்தம். இப்படிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பட்டியல்களை வைத்துத்தான் எந்தப் பறவை பெருகுகிறது, எது குறைகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். சுமார் 30,000 பேர் அனுப்பிய 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. தசராவன்று பார்த்தால் புண்ணியம் என்று வடக்கத்தியர் தேடும் நீல்கண்ட், அதாவது நம் பனங்காடை, அதுவும் குறைந்துவருகிறது. சிட்டுக்குருவியோ நாடு முழுவதும் பார்த்தால் ஓரளவு நிலையாக இருக்க, தில்லி, சென்னை போன்ற பெருநகரங்களில் மட்டும் குறைந்திருப்பதாக 2020 அறிக்கை சொல்லியது.

"எல்லாரும் 'இருக்கும், இருக்கும்'னு எழுதிட்டா, அது போனது யாருக்கு அங்கிள் தெரியும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நாற்பத்தொன்பது என்றே அனுப்பினோம். நொய்டா அன்பர் சிரித்துக்கொண்டே, "பேச்சு பேச்சுதான் சார், ஐம்பதுக்குத்தான் சொன்னேன்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே. 32 குடும்பங்களிடமிருந்து 15,680 ரூபாய் வசூலாயிற்று. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். பத்தாயிரம் போனதில் செயற்குழுவில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. எனக்கும் அன்று இரவு வரை கொஞ்சம் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, கணக்கெடுப்பின் கடைசி நாள். கோதுமை அரைக்க எங்கள் பேட்டை மாவு மில்லுக்குப் போனேன். மூட்டைகளுக்கு அடியில் சிந்திய தானியத்தைக் கொத்திக்கொண்டு, கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் நின்றேன். மில்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பதினொன்று! ஆண் நான்கு, பெண் ஏழு. கூடவே இரண்டு மைனா, ஐந்து புறா, ஒரு காக்கை. சந்தாக் கணக்கில் இவை சேராது. ஆனால் நானாக அனுப்பிய முதல் பட்டியல் அதுதான். சாயங்காலம் பக்கத்து ஃப்ளாட்டுக் கதவைத் தட்டி, அந்தக் குழந்தையிடம் காட்டிவிட்டுத்தான் வந்தேன். "நிஜமாவே எண்ணினீங்களா?" என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

ஒவ்வொரு நவம்பரிலும் சாலிம் அலி பெயரில் இன்னொரு கணக்கெடுப்பு உண்டு. வர விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை. மாமியின் ஞாபகசக்தி நம்மிடம் இருக்கிறது. அதுவரை, ஏப்ரல் வெயில் தொடங்கினால் பால்கனியில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். யார் யார் வந்து குடிக்கிறார்கள் என்று பாருங்கள். வந்தவர்களை மட்டும் எழுதி வையுங்கள்.