முட்டையோட்டுப் பறவைகள்

1994ஆம் ஆண்டு புரட்டாதி மாதம். லண்டன் மாநகரின் வடபால் உள்ள கோல்டர்ஸ் கிறீன் என்னும் பகுதியில், முதிய யூத அம்மையார் ஒருவரின் வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பெற்று வசித்து வந்தேன். ஒருநாள் மாலை வேலை முடிந்து திரும்பியபோது சமையலறையில் ஒரு விநோதக் காட்சியைக் கண்டேன். அம்மையார் ஒரு கோழிமுட்டையின் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, ஒரு துளையில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். மறு துளை வழியாக வெண்கருவும் மஞ்சட்கருவும் கிண்ணத்தில் வடிந்தன. வெறுமையாக்கப்பட்ட ஓடுகள் ஐந்தாறு மேசைமீது கிடந்தன.

"இன்றிரவு உங்களுக்கும் முட்டைப் பொரியல்தான்" என்று சிரித்தார் அவர். "பறவைகள் செய்கிறேன். நாளை மறுநாள் எங்கள் கூடாரப் பண்டிகை."

திருமறையைப் பயின்றோர் இப்பண்டிகையை அறிவர். எகிப்தில் அடிமைத்தளை அறுத்து வெளியேறிய இஸ்ரவேலர் வனாந்தரத்திலே குடில்களில் வாழ்ந்தனர். அதனை மறவாதிருக்க ஆண்டுதோறும் ஏழு நாள் குடிலில் தங்குக என்று லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரம் விதிக்கிறது. எபிரேய மொழியில் பண்டிகையின் பெயர் சுக்கோத். குடிலின் பெயர் சுக்கா. சுவர் பலகையாயினும் துணியாயினும் குற்றமில்லை. கூரையோ மண்ணில் முளைத்து, மண்ணினின்றும் வெட்டப்பட்ட தழையாலோ கழியாலோ அமைய வேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். எனினும் இரவில் விண்மீன்கள் இடுக்கு வழியே தெரியுமாறு வேய்வது வழக்கம்.

எங்கள் ஊரிலே கிடுகு பின்னி வீடு வேய்வதைப் பற்றிச் சொன்னேன். கொச்சியில் வாழ்ந்த யூதர்களும் தென்னோலையால்தான் குடில் வேய்ந்தார்கள் என்று அவர் மகிழ்ந்து கூறினார். இங்கோ வேலியில் வெட்டிய பசுந்தழைதான் கிடைத்தது. அவருடைய மருமகன் ஏணியில் நின்று பரப்ப, நான் கீழிருந்து கிளைகளை எடுத்துக் கொடுத்தேன்.

குடிலை அலங்கரிப்பது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. கட்டளையை நிறைவேற்றினால் மட்டும் போதாது, அதனை அழகுற நிறைவேற்ற வேண்டும் என்பது யூத அறிஞர் கொள்கை. வண்ணத் துணிகள், வாதுமை, மாதுளை, திராட்சைக் குலை, கதிர்மாலை முதலியவற்றைக் குடிலிலே தொங்கவிடுவதைத் தல்மூத் என்னும் பழம்பெரும் நூல் குறிப்பிடுகிறது. முன்கூட்டியே நிபந்தனை சொல்லி வைத்தாலன்றி, தொங்கவிட்ட பழத்தைப் பண்டிகை முடியுமுன் எடுத்து உண்ணலாகாது என்றும் அந்நூல் விதிக்கிறது. பழத்துக்கு அருமையான குளிர்நாடுகளிலே கைவேலை அதனோடு சேர்ந்துகொண்டது. போலந்து முதலிய நாடுகளில் வாழ்ந்த யூதர் முட்டையோட்டையே உடலாக்கி, கடதாசியால் சிறகும் வாலும் பொருத்திப் பறவைகள் செய்தனர்.

அம்மையார் வண்ணக் கடதாசியை விசிறி போல் மடித்து, ஓட்டின் இருபுறமும் சிறகாக ஒட்டினார். வாலுக்கும் அதே மடிப்பு. துளைகளின் வழியே நூலைக் கோத்துத் தூக்கிப் பிடித்ததும் பறவை மெல்லச் சுழன்றது.

"இதனை யாரிடம் கற்றீர்கள்?" என்றேன்.

"அம்மாவிடம். மடிப்பை நகத்தால் அழுத்தாதே, பெருவிரலால் அழுத்து என்பார்."

அம்மையார் வியன்னாவிலே பிறந்தவர். அவருடைய தாய் போலந்துப் பக்கத்தவர். 1938ஆம் ஆண்டு பங்குனியில் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவினுட் புகுந்தது. அவ்வாண்டு மார்கழி முதல் மறு ஆண்டு போர் மூளும்வரை, பெற்றோரைப் பிரிந்த ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் ரயிலேறியும் கப்பலேறியும் பிரித்தானியாவை அடைந்தனர். 1939இல் அவ்வாறு வந்தவர்களில் எட்டு வயதுச் சிறுமியாகிய இவரும் ஒருவர். கையிலே ஒரு சிறு பெட்டி. பெற்றோரை அவர் மீண்டும் காணவில்லை. தாயின் புகைப்படம் ஒன்று அவரிடம் இருந்தது. தாய் கைப்படச் செய்த பொருள் ஒன்றேனும் இல்லை.

தென் ஜேர்மனியிலுள்ள பிஷாக் என்னும் சிற்றூரில் 19ஆம் நூற்றாண்டிலே செய்யப்பட்ட குடில் ஒன்றின் படத்தைப் பின்னாளில் ஒரு நூலிற் கண்டேன். பலகைச் சுவர்களில் ஊர்க்காட்சியும் எருசலேம் நகரும் தீட்டப்பெற்ற அக்குடில், நாஜிகளின் ஆட்சிக் காலத்தில் அந்நாட்டினின்றும் கடத்திக் காப்பாற்றப்பட்டு, இன்று எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் கண்ட அம்மையார் அத்தகைய செல்வம் எதனையும் காப்பாற்றி வந்தவரல்லர். கடதாசியை மடிக்கும் ஒரு முறையே அவர் கொண்டுவந்தது.

பண்டிகைக்கு முன்னாள் பேத்தி வந்தாள். வயது பதினொன்று. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பழங்களும் மினுங்கும் மாலைகளும் பை நிறைய இருந்தன. "பாட்டி, இவை நனையமாட்டா, உடையமாட்டா. ஆண்டுதோறும் எடுத்து மாட்டலாம்" என்றாள்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "மாட்டுவோம். முதலில் நீ எனக்கு ஒரு பறவை செய்து தா" என்றார்.

இரு முட்டைகள் அவள் கையில் நொறுங்கின. மூன்றாவது பிழைத்தது. ஒரு சிறகு மேலேயும் ஒரு சிறகு கீழேயுமாக அமைந்த அந்தப் பறவையை அம்மையார் மேசைக்கு நேர் மேலே தொங்கவிட்டார். ஆபிரகாம் முதல் தாவீது வரையுள்ள முன்னோர் எழுவரை, நாளுக்கு ஒருவராகக் குடிலுக்கு விருந்தழைப்பது மரபு. கண்ணுக்குத் தெரிந்த விருந்தினனாக அன்றிரவு நானும் அமர்ந்திருந்தேன்.

மூன்றாம் இரவு பெருமழை. உணவுத் தட்டுகளை ஏந்திக்கொண்டு எல்லோரும் வீட்டினுள் ஓடினோம். விடிந்ததும் பார்த்தால் கடதாசிச் சங்கிலிகள் சாயம் வடிந்து தொங்கின. பேத்தியின் பறவை நிலத்திலே விழுந்து உடைந்து கிடந்தது. பிளாஸ்டிக் பழங்கள் மட்டும் கழுவி வைத்தாற்போற் பளபளத்தன.

"நான் சொன்னேனே, பாட்டி!" என்றாள் சிறுமி. குரல் தழுதழுத்தது.

"சிறகை எப்படி மடித்தாய், ஞாபகம் இருக்கிறதா?"

சிறுமி வெறுங்கையால் காற்றிலே மடித்துக் காட்டினாள். ஒவ்வொரு மடிப்பையும் பெருவிரலால் அழுத்தினாள்.

"அப்படியானால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை" என்றார் அம்மையார்.

அவர் இன்று இல்லை. நானும் ஊர் திரும்பிவிட்டேன். சென்ற ஆண்டு லண்டனிலிருந்து ஒரு சிறு பெட்டி தபாலில் வந்தது. அன்றைய சிறுமியின் மகன் செய்த பறவை. எத்துணைப் பஞ்சு பொதிந்திருந்தும் ஓடு வழியிலேயே நொறுங்கிவிட்டது. சிறகுகள் மட்டும் முழுதாக இருந்தன. ஒன்றை விரித்துப் பார்த்தேன். மடிப்புகளில் நகத்தின் கீறல் இல்லை.