நாயை அளந்துவிட்டுக் கார் வாங்குங்கள்

போன மாசியில் பழைய கார் விற்கும் ஓர் இடத்துக்கு நானும் தம்பியும் எங்கள் மணியும் போனோம். மணி நாட்டு நாய். வயது 11, எடை 18 கிலோ. என் சட்டைப்பையில் தையல்காரர் டேப் ஒன்று இருந்தது. விற்பவர் வழக்கம்போல பானெட்டைத் தூக்கினார். "அண்ணே, எஞ்சினை அப்புறம் பாக்கலாம். முதல்ல டிக்கியைத் திறங்க" என்றேன். திறந்தார். தரையிலிருந்து விளிம்பு 72 சென்டிமீட்டர். மணி முன்கால் இரண்டையும் விளிம்பில் ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தது. பின்கால் எழும்பவில்லை. என் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த காருக்கு நகர்ந்தோம்.

வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் கார் வாங்கப் போகும்போது மைலேஜ், விலை, நிறம் எல்லாம் கேட்கிறார்கள். நாய் எங்கே உட்காரும் என்ற கேள்வி கார் வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. நாயை நிற்க வைத்து மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை ஒரு அளவு, தரையிலிருந்து காது நுனி வரை ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். தலை இடிக்காமல் நிற்கவும், ஒரு சுற்றுத் திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் அதற்கு இடம் வேண்டும். ராஜபாளையம் நாய்க்குத் தோள் உயரமே 65 சென்டிமீட்டருக்கு மேல் போகும்; சின்ன ஹேட்ச்பேக் ஒன்றின் டிக்கியில் அதைப் படுக்க வைப்பது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை. வயதான நாய்க்கு விளிம்பின் உயரம் இன்னும் முக்கியம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. குதித்து இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் முன்கால் மூட்டுகளில் விழுகிறது.

பட்டு நெய்யும் எங்கள் ஊர் ஆரணியில் இந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. இங்கே பல வீடுகளில் கார் என்பது குடும்பத்துக்கு மட்டுமல்ல, தறிக்கும் சேர்த்துத்தான். நெய்து முடித்த புடவைகளைக் காஞ்சிபுரத்துக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ கொண்டுபோவதும் அந்தக் கார்தான். நாயை ஊசிக்கு அழைத்துப் போவதும் அதே கார்தான். பட்டும் ரோமமும் ஒரே கூரையின் கீழ் பயணம் செய்கின்றன. புடவையில் ஒரு நாய்முடி இருந்தாலும் வாங்குபவர் முகம் சுளிப்பார். எட்டுப் பத்து நாள் கால் வலிக்க மிதித்து நெய்தவரின் கூலி அந்த முகச்சுளிப்பில் குறையும்.

ரோமம் ஏன் சீட்டில் அப்படி ஒட்டிக்கொள்கிறது? இரண்டு காரணங்கள். ஒன்று மின்சாரம். இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் தாவுகின்றன. எது கொடுக்கும், எது வாங்கும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. விலங்கு ரோமம், கம்பளி, பட்டு ஆகியவை கொடுக்கும் பக்கம் நிற்பவை. பாலியெஸ்டர் வாங்கும் பக்கம். பருத்தி ஏறக்குறைய நடுவில். இப்போதைய கார்களின் துணி சீட்டுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். நாய் அதில் புரண்டு எழுந்தால் ரோமத்தில் நேர்மின்னூட்டம், சீட்டில் எதிர்மின்னூட்டம், இரண்டும் இழுத்துக்கொள்கின்றன. காற்று வறண்ட மாசி, பங்குனியில் இது கூடும். ஐப்பசி மழையில் ஈரம் மின்னூட்டத்தைக் கரைத்துவிடுவதால் குறையும்.

இன்னொரு காரணத்தை நெசவு தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ரோமத்தின் மேற்பரப்பில் மீன் செதில்போல அடுக்குகள் உண்டு. எல்லாம் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் வழுக்கும், மறு பக்கம் பிடிக்கும். வண்டி குலுங்கக் குலுங்க முடி துணியின் பாவுக்கும் ஊடைக்கும் இடையே ஊசிபோல உள்ளே போகும்; திரும்பி வராது. பட்டு இழையில் இந்தச் செதில் இல்லை. பட்டு மினுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பட்டுக்கு ஆபத்து முடியைவிட நகத்தால். ஒரு கூட்டிலிருந்து வரும் பட்டிழை அறுபடாமல் பல நூறு மீட்டர் நீளம் வரும். நகம் ஒரு புட்டாவில் மாட்டினால் அந்த ஒரு புள்ளியோடு நிற்காது. இழை நெடுக இழுபட்டுக் கோடு விழும். ஜரிகையில் மாட்டினால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே சீட் உறை எது என்பது சின்ன விஷயமல்ல. ரெக்சின் சீட்டைத் துடைத்தால் போதும்; முடி உள்ளே போகாது, சிறுநீர் ஊறாது. ஆனால் சித்திரை வெயிலில் தொடை பொசுங்கும் அந்தச் சூடு நாயின் வயிற்றுக்கும் உண்டு. வழுக்கவும் செய்யும். நான் கண்ட வழி, ரெக்சின்மேல் ஒரு தடித்த பருத்தி விரிப்பு. எங்கள் வீட்டில் பவானி ஜமக்காளம் போட்டிருக்கிறோம். பின்சீட்டில் நாய் உட்காருவதானால் அதையே முன்சீட்டுத் தலையணைக்கும் பின்சீட்டுத் தலையணைக்கும் நாடா வைத்துக் கட்டித் தூளிபோலத் தொங்கவிடலாம். கால் வைக்கும் பள்ளத்தில் நாய் விழாது. விரிப்பை உதறி, ஈரமான ரப்பர் கையுறையால் ஒரு பக்கமாகத் தேய்த்தால் மிச்ச முடி சுருண்டு வந்துவிடும்.

இனி காற்று. இதில் சமரசமே கூடாது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். இயல்பான உடல்சூடே 38 டிகிரி செல்சியஸுக்கு மேல். அது ஏறும்போது நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகிறது. மூடிய காருக்குள் அந்த ஆவி எங்கே போகும்? காற்றில் ஈரம் ஏறஏற ஆவியாவது குறையும், நாய் இன்னும் வேகமாக இரைக்கும், ஈரம் இன்னும் ஏறும். உடல்சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகல் என்பதால் இந்த நிலை சீக்கிரம் வரும்.

கலிபோர்னிய ஆய்வாளர்கள் 2005இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் ஓர் அளவீட்டை வெளியிட்டார்கள். வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தைகளை நினைத்துச் செய்த ஆய்வு அது; நாய்க்கும் அப்படியே பொருந்தும். வெளியே சூடு மிதமாக இருந்த நாள்களிலும் இப்படித்தான் ஏறியது. ஆரணி, வேலூர் பக்கத்து அக்னி நட்சத்திர வெயிலில் நிலைமையை நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று நாயைப் பூட்டிவிட்டுக் கடைக்குள் போகவே போகாதீர்கள்.

கார் பார்க்கும்போது ஏசியைப் போட்டுவிட்டு, நாய் இருக்கப்போகும் இடத்தில் நீங்களே பத்து நிமிடம் உட்காருங்கள். பின்சீட்டுக்குத் தனி ஏசி துவாரம் இருக்கிறதா? டிக்கி வரை காற்று வருகிறதா? டிக்கியை மூடும் தட்டைக் கழற்ற முடிகிறதா? பின்பக்கம் தனி அறையாக இருக்கும் செடான் காரின் டிக்கியில் எந்த உயிரையும் ஏற்றக்கூடாது. கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி வெயிலைச் சமாளிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். 2012இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. மின்சாரக் காரில் ஒரு வசதி உண்டு: எஞ்சின் ஓடாமலே ஏசி ஓடும். டெஸ்லா 2019இல் நாய்க்கென்றே அப்படி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்து, உரிமையாளர் சீக்கிரம் வந்துவிடுவார் என்று திரையில் எழுதிக் காட்டவும் செய்தது.

மணியை முதன்முதலில் ஒரு நண்பரின் காரில் வேலூருக்குக் கொண்டுபோனபோது கண்ணமங்கலம் அருகே ஒரு மாடு குறுக்கே வந்தது. வேகம் 40தான் இருக்கும். பிரேக் போட்டதும் பின்சீட்டிலிருந்து மணி இரண்டு முன்சீட்டுகளுக்கு நடுவே வந்து கியர் மேல் விழுந்தது. கட்டவில்லையே என்ற வேதனை இன்றும் எனக்கு உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்பதென்பது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 18 கிலோ நாய் அந்த வேகத்தில் முன்னால் இருப்பவர்மேல் வந்து விழுந்தால் இரு உயிருக்கும் ஆபத்து. கழுத்துப் பட்டையில் கட்டக்கூடாது, கழுத்து முறியும். மார்பைச் சுற்றி அகலமாகப் பிடிக்கும் பட்டை வாங்கி, அதை சீட் பெல்ட்டில் கோக்க வேண்டும். முன்சீட் வேண்டவே வேண்டாம், ஏர்பேக் விரியும் வேகத்தை நாய் தாங்காது. பூனைக்கோ கூடைதான். முன்சீட்டின் பின்னால் கால் வைக்கும் பள்ளத்தில் அது அசையாமல் உட்காரும். அவிழ்த்து விட்ட பூனை ஒளிய இடம் தேடிப் பிரேக் பெடலுக்கு அடியில்தான் போகும்.

எந்தக் கார்? உயரமான சின்னக் கார்கள் நமக்கு நன்றாகவே பொருந்துகின்றன. ஜப்பானில் சிறிய கார்களுக்கு நீளத்துக்கும் அகலத்துக்கும் சட்டம் வரம்பு வைத்திருந்ததால், 1993இல் சுசுகி மேல்நோக்கி இடம் தேடிச் செய்த வடிவம் வேகன் ஆர். இந்தியாவுக்கு 1999இல் வந்தது. இப்போதைய மாடலில் டிக்கி 341 லிட்டர். பின்சீட்டை மடித்தால் நடுத்தர நாய் தாராளமாகப் படுக்கும். பின்பக்கத்துக்குத் தனி ஏசி துவாரம் இல்லாதது குறை. ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபரில் மூன்றாம் வரிசை சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். 625 லிட்டர் இடம் கிடைக்கும். புடவைக்கும் நாய்க்கும் தனித்தனி இடம் வேண்டும் என்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு அதுதான். மாருதி ஈக்கோவின் பக்கக் கதவு நகர்ந்து திறப்பதால், குறுகலான நெசவாளர் தெருவில் சுவரோரம் நிறுத்தியும் நாயை ஏற்றலாம். ஆனால் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, வெயில் காலத்தில் உள்ளே சூடு தெரியும். டாடா பஞ்ச், ஆல்ட்ரோஸ் இரண்டிலும் கதவு 90 டிகிரி விரியும். கிழட்டு நாயைத் தூக்கி வைப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

சிஎன்ஜி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். பல கார்களில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்கிறது. நாய்க்கு நினைத்து வைத்த இடம் போய்விடும். டாடா 2023இலிருந்து 30 லிட்டர் சிலிண்டர்கள் இரண்டை டிக்கித் தளத்துக்கு அடியில் வைத்து அந்த இடத்தை மீட்டிருக்கிறது.

சட்டமும் இதில் தலையிடுகிறது. துன்பம் தரும் விதத்தில் விலங்கை வண்டியில் கொண்டுபோவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 1978இன் விலங்குப் போக்குவரத்து விதிகளில் நாய், பூனைக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது.

கடைசியில் நாங்கள் வாங்கியது ஐந்து வயதான ஓர் உயரக் கார். விளிம்புக்கும் தரைக்கும் நடுவே வைக்க ஒரு பலகை செய்து, மேலே பழைய கோணி ஒட்டினோம்; நகம் பிடிக்கும், வழுக்காது. பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே பட்டறையில் ஒரு கம்பி வலை. எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டியிருப்பார்கள், கார் நுழையாது. தெருமுனையில் நிறுத்திவிட்டு மணியை நடத்திக் கூட்டிப் போகிறோம்.

பங்குனியில் முதல் பயணம். பின்சீட்டில் வெள்ளை மல் துணியில் சுற்றிய ஆறு புடவைகள், வலைக்குப் பின்னால் மணி. கண்ணமங்கலத்தில் நிறுத்தித் தண்ணீர் வைத்தோம், குடித்தது. வேலூரில் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு கடைக்குப் போனபோது தம்பி மணியோடு புளியமர நிழலில் நின்றுகொண்டான். கடைக்காரர் ஒரு புடவையை எடுத்து உதறி, முந்தானையைக் கைமேல் போட்டு வாசல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நானும் கூடவே பார்த்தேன். ஒரு முடி இல்லை.