‘வில்லன்’ யார் என்று தேடிப் போன தங்கை

“அண்ணா, நம்ம சினிமாவுல வர்ற வில்லன் உண்மையில யாருன்னு தெரியுமா?”

அக்டோபர் தொடக்கத்தில் ஓர் இரவு, இங்கிலாந்தின் யார்க் நகரத்திலிருந்து பேசிய தங்கை இப்படித்தான் ஆரம்பித்தார். நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “நம்ம பாட்டன் மாதிரி ஒரு ஆளு அண்ணா. பண்ணையில கட்டுண்டு கெடந்தவன்” என்றார்.

நம் மாவட்டத்துக் காலனித் தெரு ஒன்றில் பிறந்தவர் அவர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். தாத்தா பறைக்குத் தோல் கட்டுகிறவர். நம் மாலைநேரப் படிப்பகத்தில் பாய் விரித்துப் படித்து, அரசுக் கல்லூரியில் வரலாறு முடித்து, ஒன்றிய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஐரோப்பிய இடைக்கால வரலாறு படிக்கப் போயிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தங்கை என்றே எழுதுகிறோம்.

முதல் வாரங்கள் எளிதாக இல்லை. வகுப்பில் சிலர் பள்ளியிலேயே லத்தீன் படித்தவர்கள். இவருக்கோ ஆங்கிலமே பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகுதான் நாக்கில் ஏறியது. அக்டோபர் கடைசியில் அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது. அறைக்குத் திரும்பிச் சோறு வடித்து, பருப்புப்பொடி போட்டுச் சாப்பிட்டுவிட்டு அழுத நாள்களும் உண்டு என்றார்.

ஆனால் லத்தீன் அவரை வெகுநாள் மிரட்டவில்லை. அந்த மொழியிலும் வேற்றுமை உருபு பெயரின் வாலில்தான் ஒட்டுகிறது. ‘ஐ, ஆல், கு’ என்று படிப்பகத்தில் ஒப்பித்த பிள்ளைக்கு அது புதிதில்லை. இடைக்கால எழுத்தர்கள் சொற்களைச் சுருக்கி, மேலே ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்களாம். புள்ளியில்லாத சோழர் காலக் கல்வெட்டைத் தடவித் தடவிப் படித்த பழக்கம் அங்கே கை கொடுத்திருக்கிறது.

அவர் படிக்கும் பழைய ஆவணங்கள் காகிதத்தில் இல்லை, தோலில் எழுதப்பட்டவை. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி உலர்த்தினால் எழுதும் தோல் தயார். 1215இல் இங்கிலாந்து மன்னர் ஒப்புக்கொண்ட மகா சாசனமும் ஆட்டுத்தோலில்தான் இருக்கிறது. இதைத் தாத்தாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “சுண்ணாம்புத் தண்ணி பதம் தப்புனா தோலு கிழிஞ்சிடுமே, அவங்களுக்குப் பதம் தெரிஞ்சிருக்கு” என்றாராம். நம் ஊரில் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வேலை, அங்கே ஒரு நாட்டின் சட்டத்தையே சுமந்து நிற்கிறது.

அந்தத் தோல்சுருள்களில்தான் ‘வில்லன்’ இருக்கிறார். லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை. பண்ணையைச் சேர்ந்தவன் ‘வில்லானுஸ்’. பண்ணையாரின் அனுமதி இல்லாமல் அவன் ஊரை விட்டுப் போக முடியாது. வாரத்தில் சில நாள்கள் பண்ணை நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். மகளுக்குத் திருமணம் என்றால் பண்ணையாருக்குப் பணம் கட்ட வேண்டும். அவன் செத்தால், வீட்டிலிருக்கும் நல்ல மாட்டைப் பண்ணையார் ஓட்டிக்கொண்டு போவார். உழைத்தவனின் பெயர் காலப்போக்கில் கயவன் என்ற வசையாகி, அங்கிருந்து நம் திரைப்படத்துக்கும் வந்துவிட்டது. பெயர் சூட்டும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1348இல் கொள்ளைநோய் வந்து அந்த நாட்டு மக்களில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போனது. ஆள் பற்றாக்குறையால் மிஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். பழைய கூலிக்கு மேல் கேட்கக் கூடாது என்று 1351இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1381இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது பல ஊர்களில் முதலில் தேடிப்போய்க் கொளுத்தியது பண்ணை நீதிமன்றச் சுருள்களைத்தான். தம் அடிமைத்தனம் எழுதி வைக்கப்பட்ட இடம் அது என்று எழுதப் படிக்கத் தெரியாத அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிளர்ச்சியை ஒடுக்கிவிட்டார்கள். ஆனால் அந்தப் பண்ணை அடிமைமுறை பின்னர் படிப்படியாகத் தேய்ந்து மறைந்தது.

மூன்றாவது வாரம், யார்க் நகர யூதர்கள் பற்றிய வகுப்பு. 1190 மார்ச்சில் அந்த ஊர்க் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த சுமார் 150 யூதர்களைக் கும்பல் சூழ்ந்துகொண்டது. பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள், மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள். கும்பல் அடுத்து ஓடியது பேராலயத்துக்கு. தாங்கள் பட்ட கடனுக்கான பத்திரங்களை எடுத்து அங்கேயே எரித்தார்கள். 1218இல் யூதர்கள் உடையில் அடையாளம் அணிய ஆணை வந்தது. 1290இல் அவர்களை நாட்டை விட்டே துரத்தினார்கள்.

அப்போது ஒரு மாணவர், “அவர்கள் அன்றைய இங்கிலாந்தின் பறையாக்கள்” என்றார். ஒதுக்கப்பட்டவர் என்பதற்கு ஆங்கிலத்தில் சாதாரணமாகப் புழங்கும் சொல் அது. 17ஆம் நூற்றாண்டிலேயே நம் மண்ணிலிருந்து அந்த மொழிக்குள் போனது.

“காது சுட்டுச்சு அண்ணா. பேசாம இருந்துடலாமான்னு நெனச்சேன். அப்புறம் கையைத் தூக்கிட்டேன்” என்றார் தங்கை. “நீங்கள் சொன்னது என் தெருவின் பெயர். என் தாத்தா அடிக்கும் பறையிலிருந்து வந்த பெயர். அது வசை கிடையாது” என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அறை அமைதியானது. அந்த மாணவர், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று வருத்தம் தெரிவித்தார். பேராசிரியர் அடுத்த வாரம் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்தச் சொல்லின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். தங்கை இரண்டு சொற்களைப் பற்றிப் பேசினார். இங்கிருந்து அங்கே போன ஒன்று, அங்கிருந்து இங்கே வந்த ஒன்று. பேசி முடித்த இரவில்தான் வீட்டை நினைத்து அழாமல் தூங்கினாராம்.

இனி நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம். தங்கை முதலில் படிக்க விரும்பியது இங்கிலாந்தின் பண்ணையாளை அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்று பதிவாகியிருக்கிறதே, அந்தச் சேரி மனிதர்களைத்தான். ஆனால் 2022இல் திருத்தப்பட்ட விதி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்கிறது. அதற்கான ஆதாரங்களும் அறிஞர்களும் இங்கேயே இருக்கிறார்களே என்பது சொல்லப்பட்ட காரணம்.

பரோடா மன்னர் தந்த மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித்தொகையில் 1913இல் அமெரிக்கா போனார் அண்ணல் அம்பேத்கர். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை, இந்தியாவில் சாதி எப்படித் தோன்றி இயங்குகிறது என்பதைப் பற்றியது. அகமணமே சாதியின் உயிர் என்று அதில் நிறுவினார். இன்றைய விதி அன்றும் இருந்து, அவர் இந்த உதவியை நம்பிப் போயிருந்தால்? சாதியின் நிழலில்லாத தூரத்தில் நின்று சாதியைப் பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். அந்த விதியை நீக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

அதுவரை, கிடைப்பதை விட்டுவிடக் கூடாது. இத்திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 30 விழுக்காடு பெண்களுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள், வயது 35க்குள், தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் இருக்க வேண்டும். விதிகள் மாறக்கூடும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, கடவுச்சீட்டு மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். கடைசி நாளில் தாலுகா அலுவலக வாசலில் நின்று வாய்ப்பை இழந்த பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

தங்கை திரும்பி வந்ததும் தஞ்சைக்குப் போகப் போகிறாராம். “அங்க அழிஞ்சது இங்க ஏன் அழியலன்னு கேக்கணும் அண்ணா” என்றார். படிப்பகத்துப் பிள்ளைகள் இருவர் இப்போதே உடன் வருவதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.