நுண்ணலை அடுப்புக்குள் இருக்கும் அந்த 'அட்டை' எதற்கு?

நேற்று வாங்கிவந்த பிரியாணி மிச்சம் இருக்கிறது. சூடாக்கலாம் என்று நுண்ணலை அடுப்பைத் திறக்கிறீர்கள்.

உள்ளே, பெரும்பாலும் வலப்பக்கச் சுவரில், வெளிர்ப் பழுப்பு நிறத்தில் மெல்லிய தகடு ஒன்று இருப்பதைக் கவனித்ததுண்டா?

பார்த்தால் அட்டை மாதிரிதான் தெரியும். "புது அடுப்போட வந்த பேக்கிங்தானே?"ன்னு நினைத்துப் பிய்த்து எறிபவர்களும் உண்டு.

அது அட்டை அல்ல, மைக்கா தகடு. அதற்குப் பின்னால் ஓர் உலோகக் குழாய் இருக்கிறது. உணவைச் சூடாக்கும் நுண்ணலைகள் அந்தக் குழாய் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. அதன் பெயர் அலைவழிகாட்டி. பொறியாளர்கள் வேவ்கைட் என்பார்கள்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

காற்று. வேறொன்றும் இல்லை.

குழாயின் ஒரு முனையில் மேக்னட்ரான் என்ற கருவி இருக்கும். அதுதான் நுண்ணலைகளை உருவாக்குகிறது. அந்த அலைகள் விநாடிக்குச் சுமார் 245 கோடி முறை அதிர்கின்றன. அதைத்தான் 2.45 கிகாஹெர்ட்ஸ் என்கிறோம். ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 12.2 சென்டிமீட்டர்.

குழாயின் மறுமுனை, மைக்கா தகட்டுக்குப் பின்னால் திறந்திருக்கும்.

ஒயர் போதாதா?

நியாயமான கேள்வி. வீட்டு மின்சாரம் ஒயரில்தானே வருது?

அதிர்வெண் கூடக் கூட, மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். நுண்ணலை அடுப்பின் அதிர்வெண்ணில், செம்புக் கம்பியில் அது இறங்கும் ஆழம் 1 மைக்ரோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால், சுமார் ஐம்பதில் ஒரு பங்கு.

ஓடும் பாதை குறுகும்போது தடை கூடும். கேபிளுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையும் கொஞ்சம் சக்தியை விழுங்கிவிடும். 700, 800 வாட் சக்தியை மெல்லிய கேபிளில் அனுப்பினால், பிரியாணிக்கு முன்னால் கேபிள் சூடாகிவிடும்.

அலைவழிகாட்டியில் நடுக்கம்பியும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. அலை காற்றில் போகிறது. உலோகச் சுவர்களில் ஏற்படும் இழப்பு மிகக் குறைவு.

அலை எப்படி முன்னேறுகிறது?

வீவக புளோக்கின் நீண்ட தாழ்வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சுவர். ஒரு பந்தைச் சாய்வாக எறிந்தால், அது இந்தச் சுவரில் பட்டு, அந்தச் சுவரில் பட்டு, வளைந்து நெளிந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும். குழாய்க்குள் நுண்ணலையும் கிட்டத்தட்ட அப்படித்தான் போகிறது.

ஆனால் அலைக்கு ஒரு நிபந்தனை உண்டு: குழாயின் அகலம், அலைநீளத்தில் பாதியைவிட அதிகமாக இருக்க வேண்டும். நுண்ணலை அடுப்பைப் பொறுத்தவரை அது சுமார் 6.1 சென்டிமீட்டர்.

அகலம் அந்த அளவை நெருங்க நெருங்க, பந்து முன்னே போகாமல் இரு சுவர்களுக்கு இடையே நேருக்கு நேர் துள்ளத் தொடங்கும். அதைவிடக் குறுகினால், அலை சிறிது தூரத்திலேயே தேய்ந்து மறைந்துவிடும்.

இந்த அதிர்வெண்ணுக்குப் பயன்படும் ஒரு தர அளவுக் குழாயின் உட்புற அகலம் ஏறக்குறைய 86 மில்லிமீட்டர். உயரம் 43 மில்லிமீட்டர்தான். அகலம்தான் முக்கியம், உயரம் குறைவாக இருந்தாலும் அலை போகும்.

கதவு வழியாக ஏன் வருவதில்லை?

அதே விதி இங்கே நம்மைக் காப்பாற்றுகிறது.

கதவுக் கண்ணாடியில் உள்ள உலோக வலையின் ஓட்டைகள் பொதுவாக 1, 2 மில்லிமீட்டர் அகலம்தான். 12 சென்டிமீட்டர் அலைக்கு அது மிகக் குறுகிய வழி. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் உணவு சுற்றுவது நமக்குத் தெரிகிறது. நுண்ணலை வெளியே வருவதில்லை.

அப்போ கவலையே இல்லையா? கதவின் விளிம்பைப் பாருங்கள். அங்கே உள்ள இடைவெளி மெல்லியது, ஆனால் நீளமானது. உயரம் குறைவாக இருந்தாலும் அகலம் போதுமானால் அலை போகும் என்று பார்த்தோம் அல்லவா? அந்தச் சந்தில் அது நடக்கலாம்.

அதனால்தான் கதவின் விளிம்புக்குள் ஒரு விசேஷப் பள்ளம் அமைக்கிறார்கள். கசியப் பார்க்கும் அலையை அது திருப்பி அனுப்பிவிடும். கதவு வளைந்தாலோ கீல் தளர்ந்தாலோ அந்த அமைப்பு சரியாக வேலை செய்யாது.

மிகச் சிறிய கசிவு நல்ல அடுப்பிலும் இருக்கும். அமெரிக்க விதிமுறைப்படி, அடுப்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில் அது சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. அடுப்பு ஓடும்போது வைஃபை தடுமாறுவது இதனால்தான். இரண்டும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண். வைஃபை தடுமாறினால் மட்டும் அடுப்பு பழுது என்று அர்த்தமில்லை.

யார் கண்டுபிடித்தது?

குழாய்க்குள் அலை போக முடியும் என்பதை லார்ட் ரேலி 1897இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அதே காலகட்டத்தில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், மில்லிமீட்டர் அலைகளை வைத்துச் செய்த சோதனைகளில் உலோகக் குழாய்களைப் பயன்படுத்தினார்.

பிறகு பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1936இல் அமெரிக்காவில் ஜார்ஜ் சவுத்வொர்த், வில்மர் பேரோ இருவரும் தனித்தனியாக அதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்குக் கைகொடுத்த அந்தக் குழாய், பிறகு சமையலறைக்கு வந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• மைக்கா தகட்டைக் கழற்றி வீசாதீர்கள். நுண்ணலைக்கு வழிவிட்டு, எண்ணெயும் நீராவியும் குழாய்க்குள் போகாமல் தடுப்பது அதுதான்.

• அடுப்பு ஆறியதும் தகட்டை மெதுவாகத் துடையுங்கள். ஒட்டிக்கொண்ட உணவு கருகினால் தீப்பொறி பறக்கலாம்.

• தகடு கருகியோ ஓட்டை விழுந்தோ இருந்தால், உங்கள் அடுப்பு மாடலுக்கு ஏற்றதை வாங்கி மாற்றும்வரை பயன்படுத்தாதீர்கள்.

• கதவு சரியாக மூடவில்லையா? வலை கிழிந்திருக்கிறதா? உடனே நிறுத்திவிடுங்கள்.

• வெளி உறையை நீங்களே திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். நுண்ணலையைவிட உயிருக்கு ஆபத்து அதுதான். பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள்.