பிளம்பர் வரும் வரை நீங்கள்தான் பிளம்பர்!

காலையில் பட்டாசு ஆலை வேன் வந்து ஹாரன் அடிக்கும்போதுதான் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு அடிக்கும். வீட்டில் பாட்டியும் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையும்தான் இருப்பார்கள். பிளம்பருக்குப் போன் போட்டால், "ஒரு வேலையில இருக்கேன், மதியம் வர்றேன்" என்பார். அதுவரை என்ன செய்வது?

சிவகாசி, விருதுநகர் பக்கம் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். வெம்பக்கோட்டை அணையும் மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் சிவகாசிக்கும், ஆனைக்குட்டம் அணையும் தாமிரபரணியும் விருதுநகருக்கும் தண்ணீர் தருகின்றன. ஆனாலும் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. வரும் நாளில் தொட்டியை நிரப்பி, அடுத்த முறை வரும் வரை அதை வைத்தே ஓட்டுகிறோம். உடைந்த குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால், 1,000 லிட்டர் மாடித் தொட்டி 100 நிமிடத்தில் காலி. உங்கள் வீட்டில் அது எத்தனை நாள் தண்ணீர் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலில் வால்வு

மாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் குழாயில் கேட் வால்வு இருக்கும். பதற வேண்டாம், அதை வலப்பக்கமாகத் திருகினால் மூடிக்கொள்ளும். கைப்பிடி வைத்த பால் வால்வு என்றால் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினால் போதும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

வால்வு துருப்பிடித்துத் திரும்பவில்லையா? முரட்டுத்தனமாகத் திருகி உடைத்துவிடாதீர்கள். வீட்டில் உள்ள மற்ற குழாய்களையெல்லாம் திறந்து குடம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் பிடியுங்கள். உடைந்த இடத்தில் அழுத்தம் குறையும். வீணாகப் போகும் தண்ணீரும் கைக்கு வரும்.

கரன்ட் பக்கம் கவனம்

சுவிட்ச் போர்டு, மோட்டார், ஃப்ரிட்ஜ் பக்கம் தண்ணீர் போனால் மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் மற்ற வேலை. கையும் காலும் காய்ந்திருக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் நடந்துதான் மெயினை எட்ட முடியும் என்றால் போகவே போகாதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டிவந்துவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழையுங்கள்.

கைவைத்தியம்

பிவிசி குழாயில் விரிசல் என்றால் பழைய சைக்கிள் டியூப் கைகொடுக்கும். இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, விரிசலுக்கு ஒரு சாண் முன்னாலிருந்தே இழுத்துப் பிடித்துச் சுற்றி, மேலே கயிற்றாலோ கம்பியாலோ கட்டுங்கள். ஈரக் குழாயில் சொல்யூஷன் ஒட்டாது. அதை வாங்கி ஊற்றிக் காசை வீணாக்க வேண்டாம்.

குழாய்த் திருகு உடைந்து கையோடு வந்துவிட்டால், துணி சுற்றிய மரக்குச்சியை ஓட்டைக்குள் இறுக்கி அடைக்கலாம். இதெல்லாம் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். பிளம்பரை வரவேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்!

தரையில் ரேஷன் அரிசி, பிள்ளைகளின் புத்தகம், அச்சகத்தில் மடிக்க வாங்கிய தாள் கட்டு ஏதாவது இருந்தால் உடனே கட்டில் மேல் ஏற்றுங்கள். நனைந்த தாளுக்குக் கூலி கிடைக்காது.

கழிவறை அடைத்தால்

மேலும் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றவே கூடாது. அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். குளியலறை, கழிவறை இரண்டிலும் கழிவுநீர் எதிர்த்து வந்தால் செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கலாம். மூடியைத் திறந்து தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் மீத்தேன் தீப்பிடிக்கும். நீங்களும் இறங்காதீர்கள், கூலிக்கும் ஆளை இறக்காதீர்கள். உள்ளே உயிரைப் பறிக்கும் நச்சுவாயுவும் இருக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. கழிவுநீர் லாரிக்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.

தெருக்குழாய் உடைந்தால்

அது நம் வேலை இல்லை, தோண்டாதீர்கள். மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100 இருக்கிறது. உடைந்த இடம் வழியாகச் சாக்கடை கலந்துவிடக்கூடும். அதனால் சரிசெய்த பிறகு கலங்கலாக வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். தெளிந்த பிறகும் சில நாள் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை

இதைப் படித்து முடித்ததும் மாடிக்குப் போய் உங்கள் வீட்டு வால்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்தால் இறுகாது. மாடி ஏற முடியாத பெரியவர்கள்தான் பகலில் வீட்டில் இருப்பார்கள் என்றால், கீழேயே கைக்கு எட்டும் உயரத்தில் இன்னொரு பால் வால்வு போட்டுவிடுங்கள். அதில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, பாட்டிக்கும் பிள்ளைக்கும் காட்டிக்கொடுங்கள். பிளம்பர் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

நீங்கள் வேன் ஏறிப் போன பிறகு வீட்டுத் தண்ணீரைக் காப்பாற்றப் போவது அந்தச் சிவப்புத் துணிதான்.